சேர்ந்ததற்குச் சான்று

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், பட்டன் கடைக்கும் சாயம் சோதிக்கிற ஆய்வகத்துக்கும் நடுவே, 'சமாசத் தரச்சான்று மையம்' இயங்கி வருகிறது. இயங்கி வருகிறது என்று போர்டில் போட்டிருப்பதால் நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

திருப்பூரில் ஒரு பனியன் கப்பல் ஏறுவதற்குள் படுகிற பாடு ஊருக்கே தெரியும். துவைத்துப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், தேய்த்துப் பார்ப்பார்கள். உடைந்த ஊசி உள்ளே மாட்டியிருக்கிறதா என்று மெஷினுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எனவே, பனியன் மேல் எழுதியிருக்கிற சொல்லையும் இனி சோதிக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். யோகா உடுப்பு விற்கிற கம்பெனிகள் மார்பில் சமஸ்கிருத வார்த்தைகளை அச்சடிக்க ஆரம்பித்திருந்தன. அதில் ஒரு கம்பெனி, சேரவே கூடாத இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து அச்சடித்துவிட, அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். கம்பெனிகளுக்கு எதையும் தாங்க முடியும், சிரிப்பைத் தாங்க முடியாது. எல்லாம் கூடிப் பேசி, சமாசம் எதுவானாலும் சான்று இல்லாமல் சரக்கு ஏறக் கூடாது என்று முடிவு கட்டின. சமாசம் என்றதும் மிரள வேண்டாம். இரண்டு சொற்கள் நடுவில் இருக்கிற உருபை உதறிவிட்டு ஒன்றாகிவிடுவதற்கு அந்தப் பெயர். உம்மைத்தொகை, பண்புத்தொகை என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தோமே, அதற்கு வடமொழிப் பங்காளி.

இந்த மையத்தின் படியை அருள்செல்வன் முதன்முதலாக ஏறியது ஒரு திங்கட்கிழமை காலையில். நல்லூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருப்பவன். 'கந்தவேல் நிட்ஸ்' என்று பேர். அப்பா காலத்தில் தறி, இவன் காலத்தில் பனியன், இரண்டு காலத்திலும் சுவரில் முருகன். இத்தனை வருஷமும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவன். தைப்பது இவன், பேர் அவர்களுக்கு. இந்தத் தடவைதான் முதன்முதலாக நேரடி ஆர்டர் கிடைத்திருந்தது. அவன் மனைவி கிருத்திகா வெளிநாட்டுக் கம்பெனியோடு மெயிலிலேயே மல்லுக்கட்டிப் பிடித்த ஆர்டர். காலர் லேபிளில் கம்பெனி பேருக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், 'கந்தவேல் நிட்ஸ், திருப்பூர்' என்று போட்டுக்கொள்ளவும் கேட்டு வாங்கியிருந்தாள். லேபிள் தறியிலிருந்து வந்த அன்று அருள்செல்வன் அதில் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தான். அவனுக்கு அது அவ்வளவு சந்தோஷம்.

பனியன் கருநீலம். மார்பில் ஒரு நீல ஆம்பல் பூ, அதன் கீழே 'நீலோத்பல'. நீலம் ஒன்று, உத்பலம் என்றால் ஆம்பல். இரண்டும் சேர்ந்தால் நீல ஆம்பல். வெள்ளிக்கிழமை சரக்கு தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். அதோடு சான்றும் போக வேண்டும். தவறினால் ஆர்டர் ரத்து.

வரவேற்பில் ஜனனி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பனியனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கரெக்ட்டா இருக்குதுங்க. கர்மதாரயம். பண்புத்தொகை மாதிரி. புஸ்தகத்துல மொத உதாரணமே இதானுங்க" என்றாள்.

அருள்செல்வனுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. "அப்ப சான்று குடுத்தர்றீங்களா?"

"அது வேறைங்க. இது கர்மதாரயம்னு சொல்லீட்டா மட்டும் போதாது. மத்த சமாசமெல்லாம் இல்லைன்னு அந்தந்தப் பிரிவுல எழுதி வாங்கோணும். 'எமதன்று' சான்றுன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் வாங்கீட்டு வாங்க, நாங்க ரெடியா இருக்கறோம்."

"ஒவ்வொரு பிரிவுலயும் பனியனைக் காட்டோணுமுங்களா?"

"ஆமாங்க. பிரிவுக்கு ஒரு சாம்பிள். தத்புருஷத்துல எக்ஸ்எல் குடுத்துருங்க, சார் கொஞ்சம் பெரிய உடம்பு."

ஒன்றோடொன்று பொருள் தொடர்பு உள்ள சொற்கள்தான் சேர முடியும் என்பது சமாசத்தின் முதல் விதி. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மையத்தின் பிரிவுகளுக்கு அந்த விதி பொருந்தாது.

முதலில் துவந்துவப் பிரிவு. ராமலட்சுமணர் என்பதுபோல் இரண்டும் சமமாகச் சேருவது துவந்துவம். எனவே அங்கே ஒரே மேஜைக்கு இரண்டு அதிகாரிகள், ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள். டீ வந்தால் டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். நீலோத்பலம் துவந்துவம் இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் இருந்தது. முந்திக்கொண்டவர் முன்சொல் ஆகிவிடுவாராம், சமத்துவம் கெட்டுவிடுமாம். கடைசியில் இருவரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு அருள்செல்வனைப் பார்த்தார்கள். அவன் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் போல இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ஒருவர் பேர் கொஞ்சம் நீளம் என்பதால் மற்றவர் அவருக்காகக் கடைசிப் புள்ளியில் காத்திருந்தார்.

அடுத்தது துவிகு. மூவுலகம் போல எண் முன்னால் வருகிற சமாசம். அங்கிருந்தவர் சொல்லைத் தலைகீழாகக்கூடப் பார்த்துவிட்டு, "இதுல எண்ணே இல்லீங்களே" என்றார்.

"ஆமாங்க, அதைத்தானுங்க எழுதித் தரோணும்."

"எழுதித் தர்றதுக்கு வரிசை எண் போடோணுமே. எண் இல்லாத சொல்லுக்கு நான் எப்படீங்க எண் போடறது?" உண்மையாகவே வருத்தப்பட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்த மையத்திலேயே நல்ல மனசுக்காரர் அவர்தான்.

அவ்யயீபாவப் பிரிவில் இருந்தவர் மாறாதவர். அந்தச் சமாசம் வேற்றுமை ஏற்காது, எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி நிற்கும். அவரும் அப்படியே நின்றார். "பிரதிதினம் வாங்க. யதாசக்தி பாக்கறோம்." தினமும் வாருங்கள், முடிந்தவரை பார்க்கிறோம் என்று அர்த்தம். அருள்செல்வன் கெஞ்சினாலும் அதுதான், கும்பிட்டாலும் அதுதான். பொறுக்க மாட்டாமல் ஒருமுறை குரலை உயர்த்தினான். அப்போதும் அதுதான். பிறகு ஜனனிதான் ரகசியமாகச் சொன்னாள், அந்த இரண்டும் அவ்யயீபாவத்துக்கு உதாரணங்கள், வேறு எதுவும் பேசுவது பிரிவுக்கு ஏற்றதல்ல என்று அவர் நினைக்கிறார், பேப்பரை நீட்டினால் போட்டுவிடுவார் என்று. நீட்டினான். போட்டுவிட்டார்.

தத்புருஷத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவர், "நான் முன்சொல்லுங்க. அரசனுடைய ஆள்னு சொன்னா, அரசன் முக்கியமில்ல, ஆள்தான் முக்கியம். பின்னாடி ரூம்ல இருக்கறவரைப் பாருங்க" என்றார். பின்னாடி இருந்தவர் முக்கியமானவர்தான். எக்ஸ்எல்லும் அவர்தான். கர்மதாரயம் தத்புருஷத்தின் உட்பிரிவு என்பதால் அதற்குத் தனி அறை கிடையாது. இவர் அறையின் மூலையில் ஒரு ஸ்டூலும் ஒரு முத்திரையும்தான் கர்மதாரயப் பிரிவு. அவனுடைய சொல் சேர்ந்த பிரிவே அதுதான்.

"நேத்துக் குடுத்த சாம்பிளுங்க..." என்று இழுத்தான் அருள்செல்வன். மேஜையில் பனியன் இல்லை.

"சேரும்போது நடுவுல இருக்கறது மறைஞ்சு போகும். அதுதான் சமாசமே" என்றார் எக்ஸ்எல். "இன்னொன்னு குடுங்க."

இதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. அன்றுதான் மையத்தின் இயக்குநர் முனைவர் பெருமாள்சாமி, தொழிற்சாலைத் தணிக்கைக்காக நல்லூருக்கே எழுந்தருளினார். சொல் அச்சாகிற இடத்தின் சூழலையும் பார்க்க வேண்டுமாம். வந்தவர் ஓவர்லாக் மெஷின் முன்னால் நின்று, கருத்தம்மா தோள்பட்டை சேர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துணிகள் சர்ரென்று ஒன்றாகி மறுபக்கம் விழுந்தன.

"இந்த இரண்டும் சேரலாம் என்று யார் அனுமதித்தது?" என்று கேட்டார்.

கருத்தம்மா சாத்தூர்ப் பக்கத்துக்காரி. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள். "ஊசிதான் சார்" என்றாள்.

டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து இயக்குநர் உரையாற்றினார்.

"தொழிலாளத் தோழர்களே! பல நூற்றாண்டுகளாகச் சொற்கள் யாருடைய சான்றும் இல்லாமலே சேர்ந்து வந்திருக்கின்றன. புலவர்கள் சேர்த்தார்கள், மக்கள் சேர்த்தார்கள், பொருளும் புரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஆபத்தான நிலை! அந்த நிலையைப் போக்கத்தான் நம் மையம் வந்தது. இப்போது எங்களிடம் வந்துவிட்டால் எந்தச் சொல்லும் அவ்வளவு எளிதில் சேர்ந்துவிட முடியாது. இதைப் பெருமையோடு சொல்வேன். ஒருமுறை சான்று பெற்றுவிட்டாலோ, சேர்ந்த எதையும் யாரும் வெட்டக் கூடாது, பிரிக்கக் கூடாது. வெட்டினால் சான்று செல்லாது. என்னைப் பற்றிக் கேட்கிறீர்களா? நான் எந்தப் பிரிவையும் சேர்ந்தவன் அல்லன். எல்லாப் பிரிவுகளுக்கும் வெளியே நிற்பவன். எனவேதான் எனக்கு எந்தக் கோப்பும் வருவதில்லை. அதனால் எவ்வளவு அமைதியாகப் பணியாற்ற முடிகிறது தெரியுமா!"

யாரும் அவரைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. கருத்தம்மா கையைத் தூக்கினாள். "சார், மெஷின்ல உக்காரலாமா? எங்களுக்கு பீஸ் ரேட்டு. நீங்க பேசுன நேரத்துக்கு ரெண்டு கட்டு தோள் அடிச்சிருப்பேன்."

தணிக்கை அறிக்கையில், 'தொழிலாளர்களிடம் ஆர்வம் காணப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மிச்சம் இருந்தது பகுவிரீகி மட்டும்தான். அந்தப் பிரிவில் ஒரு மேஜைக்குப் பின்னால் இரண்டு எழுத்தர்கள். கையெழுத்துக் கேட்டதும் ஒருவர் பனியனைத் தொடக்கூட இல்லை.

"பீதாம்பரன்னு ஒரு சொல்லுங்க. மஞ்சளும் முக்கியமில்ல, துணியும் முக்கியமில்ல. அதைக் கட்டிக்கிட்டிருக்கற பெருமாள் வெளியில இருக்கறாரு, அவருதான் முக்கியம். அதுதான் பகுவிரீகி. அதே மாதிரி இங்க நானும் முக்கியமில்லீங்க, இவரும் முக்கியமில்லீங்க. கையெழுத்துப் போடறவரு வெளியில இருக்கறாரு."

"வெளியிலன்னா எங்கீங்க?"

"உள்ள இருக்கறவங்க அதைச் சொல்லக் கூடாதுங்க. விதி."

அருள்செல்வன் வெளியே போய்த் தேடினான். மாடிப்படியில் தேடினான். பட்டன் கடையில் விசாரித்தான். கீழே பேக்கரி வாசலில் முட்டை பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கண்ணாடிக்காரர் அதிகாரி மாதிரியே இருந்தார். "ஏனுங்க, வெளியில இருக்கறவரு நீங்கதானுங்களா?" என்று பணிவாகக் கேட்டான். "உள்ள ஃபேன் ஓடலீங்க, அதான்" என்றார் அவர். மத்தியானம் வரைக்கும் வெளியிலேயே சுற்றினான். கிருத்திகா போன் செய்தாள்.

"ஏனுங்க, லாரிக்காரர் கேக்கறாரு. ஏத்தட்டுமா, வேண்டாமா?"

"கையெழுத்துப் போடறவரை இன்னும் தேடீட்டுத்தான் இருக்கறேன்" என்றான் அவன். கப்பலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் ஆர்டர் ரத்தானது. சான்று எப்போது கிடைத்தாலும் அனுப்புங்கள், அடுத்த சீசனுக்கு யோசிக்கிறோம் என்று ஒரு வரி மட்டும் மெயிலில் மிச்சம் வைத்திருந்தார்கள்.

ரத்தான சரக்குக்குத் திருப்பூரில் ஒரே வழிதான், மிச்சச் சரக்கை மலிவாக விற்கிற காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைகள். அங்கே போக வேண்டுமானால் காலரில் இருக்கிற லேபிளைக் கத்தரிக்க வேண்டும், கம்பெனி பேர் உள்ளூரில் தெரியக் கூடாது. அட்டைப் பெட்டிகளைத் திரும்பப் பிரித்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருள்செல்வனும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டான். கம்பெனி பேரோடு சேர்ந்து எறும்பு எழுத்தில் இருந்த அவன் பேரும் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. எப்போதும் ஏதாவது சொல்கிற கருத்தம்மாகூட, "நீங்க போங்கண்ணே, நாங்க வெட்டிக்கிடுதோம்" என்று மட்டும் சொன்னாள். அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த பனியனை இழுத்துக்கொண்டான். நாமும் இந்த இடத்தில் கிண்டலைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லூர் யூனிட் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் முனைவர் பெருமாள்சாமி. அருள்செல்வன் பதறி எழுந்தான். காரணம் அவர் அல்ல, அவர் போட்டிருந்த பனியன். கருநீலம், மார்பில் நீல ஆம்பல், கீழே 'நீலோத்பல'.

"தம்பி, இது காதர்பேட்டையில வாங்குனதுங்க. ரெண்டு தடவை துவைச்சும் ஒரு நூல் சுருங்கலை. பிரிவுல இருக்கற எல்லாருமே இதைத்தான் போட்டுட்டிருக்கறாங்க. அடுத்த மாசம் ஆண்டு விழா. ஊரெல்லாம் ஊர்வலம் போறோம், அத்தனை பேருக்கும் இதே வேணும். கடைக்காரர் தீந்துபோச்சுன்னு சொல்லி உங்க அட்ரஸ் குடுத்தாருங்க." மேடைத் தமிழ் அவருக்கு மேடையிலும் தணிக்கையிலும்தான் வரும், மற்றபடி நம் ஊர்க்காரர்தான்.

அருள்செல்வன் கையைப் பிசைந்தான். "தர முடியாதுங்களே, ஐயா."

"ஏனுங்க?"

"சான்று இல்லீங்களே. சான்று இல்லாம அந்தச் சொல்லைப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறீங்க. போன தடவை பட்டதே போதுமுங்க."

அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தான். அதனால்தான் இயக்குநருக்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

கிருத்திகா உள்ளேயிருந்து வந்து ஒரு பையை நீட்டினாள். "அஞ்சு பிரிவுல வாங்கியாச்சுங்க. பகுவிரீகி மட்டும் பாக்கி. நீங்களே கொஞ்சம் வாங்கிக் குடுத்துருங்க. கூட ஒரு சாம்பிளும் வச்சிருக்கறேனுங்க."

திங்கட்கிழமை இயக்குநர் தன்னுடைய மையத்தின் படியைத் தானே மனுதாரராக ஏறினார். ஜனனி அவருக்கும் டோக்கன் கொடுத்தாள். கையெழுத்துகள் போன மாதத்தவை, புதுப்பித்து வர வேண்டும் என்று அனுப்பினாள். துவந்துவத்தில் ஒன்று இரண்டு மூன்று சொன்னார். அவ்யயீபாவத்தில், "நான்தானப்பா இயக்குநர்" என்றார். பிரதிதினம் வாங்க என்றே பதில் வந்தது. தத்புருஷத்தில் சாம்பிள் மறைந்தது. நான்கு நாள் கழித்துப் பகுவிரீகிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் கால் வீங்கியிருந்தது.

"கையெழுத்துப் போடறவரு வெளியில இருக்கறாருங்க ஐயா" என்றார் எழுத்தர்.

"யாருப்பா அந்தப் புண்ணியவான்? ஆளைச் சொல்லு, நானே போய்ப் பாக்கறேன்."

எழுத்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேக்கறது நீங்கங்கறதால சொல்றமுங்க. நீங்கதானுங்க ஐயா. எல்லாப் பிரிவுக்கும் வெளியில இருக்கறவரு கையெழுத்துப் போடோணும்னு விதியில எழுதியிருக்குது. நீங்க எழுதுனதுதானுங்க."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு கோப்புகூட வரலை?"

"உள்ள இருக்கறவங்க வெளியில இருக்கறவரைத் தேடிப் போகக் கூடாதுன்னும் எழுதியிருக்கறீங்க. அடுத்த பக்கமுங்க."

இயக்குநர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். மையம் திறந்த நாளிலிருந்து அது வழங்கிய முதல் முழுச் சான்று அதுதான். கிருத்திகா அதை அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்பினாள். அடுத்த சீசனுக்கு ஆர்டர் உறுதி என்று பதில் வந்தது, லேபிளில் பேர் அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அருள்செல்வன் அதை அந்தோணிராஜிடம் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். அந்தோணிராஜ் பிரிண்டிங் பார்க்கிறவர், தூத்துக்குடிக்காரர். "கப்பல் எங்கூர்லதான அண்ணாச்சி நிக்கும், நா சொல்லி வைக்கேன்" என்றார் அவர்.

ஆண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையிலும் கீழேயும் எல்லோரும் கருநீலம். இந்தத் தடவை லேபிளைக் கத்தரிக்க வேண்டிய அவசியம் இல்லாததால், காலருக்கு உள்ளே புத்தம்புதிதாக, எறும்பு அளவு அல்ல, நன்றாகத் தெரிகிற எழுத்தில் 'கந்தவேல் நிட்ஸ், திருப்பூர்' இருந்தது. புது லேபிளுக்கே உரிய விறைப்போடும் இருந்தது.

இயக்குநர் மைக் முன்னால் நின்று, "பெரியோர்களே, சேர்க்கை என்பது..." என்று ஆரம்பித்துவிட்டு, காலருக்குள் கையை விட்டுப் பொடனியைச் சொறிந்தார். "சேர்க்கை என்பது..." மறுபடியும் சொறிந்தார். துவந்துவ அதிகாரிகள் இருவரும் ஒரே நேரத்தில் சொறிந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் மேடை ஓரத்துக்கு வந்து, முன்வரிசையில் கிருத்திகாவோடு உட்கார்ந்திருந்த அருள்செல்வனிடம் குனிந்தார்.

"தம்பி, பொடனில ஒரே அரிப்புங்க. இந்த லேபிளை மட்டும் கத்தரிச்சுப் போட்டரட்டுங்களா?"

அருள்செல்வன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"வேண்டாமுங்க ஐயா. சேர்ந்தது எதையும் வெட்டுனா சான்று செல்லாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

இயக்குநர் தலையாட்டிவிட்டு மைக்குக்குத் திரும்பினார். அன்றைய உரை ஒன்றரை மணி நேரம்.